ஷெஃபா (எபிரேயச் சொல்)

ஷெஃபா என்பது எபிரேய மொழியில் மிகுதி, பெருக்கு, நிறைவளம் ஆகிய பொருள்களைத் தரும் ஒரு பெயர்ச்சொல் ஆகும். எபிரேய விவிலியத்தில் (கிறித்தவர்களின் பழைய ஏற்பாடு) இச்சொல் ஒரே ஒரு முறை மட்டும், இணைச்சட்டம் (உபாகமம்) நூலின் 33ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் காணப்படுகிறது. இதே வேரிலிருந்து தோன்றிய ஷிஃப்ஆ என்னும் பெண்பாற் பெயர்ச்சொல் 5 வசனங்களில் 6 முறை வருகிறது. ஆக, இவ்விரு வடிவங்களும் சேர்ந்து எபிரேய விவிலியம் முழுவதிலும் 6 வசனங்களில் 7 முறை மட்டுமே இடம்பெறுகின்றன.

எண்ணிக்கையில் அரிதாக இருந்தாலும் இச்சொல்லின் வரலாறு நீண்டது. இடைக்கால யூத மெய்யியலாளர்கள், இறைவனிடமிருந்து உலகிற்கு இடையறாது பெருகி வரும் அருளையும் அறிவையும் குறிக்கும் கலைச்சொல்லாக இதனைப் பயன்படுத்தினர். யூத மறைஞான மரபான கபாலாவும் இதே பொருளில் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. தற்கால எபிரேயத்தில் இது பொருள்வளத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக உள்ளது.

பிற்காலப் பொருளின் செல்வாக்கினால், விவிலியத்தில் இச்சொல் வரும் இடங்களுக்கும் "இறையருளின் வளம்" என்றே பொருள் கூறும் வழக்கம் காணப்படுகிறது. ஆனால் விவிலியத்தில் இச்சொற்கள் வரும் 7 இடங்களில் 4 இடங்கள் நெருங்கி வரும் ஆபத்தைப் பற்றியவை. விவிலிய எபிரேயத்தில் இச்சொல் குறிப்பது ஒரு பொருளின் நன்மையை அன்று, பெருகி வந்து மூடிக்கொள்ளும் அதன் அளவையே ஆகும்.

எழுத்தும் ஒலிப்பும்

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழியாகும். அதன் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துக்களைக் கொண்ட வேர்களிலிருந்து தோன்றுகின்றன. ஷெஃபா என்னும் சொல்லின் வேரெழுத்துக்கள் ஷின், பே, அயின் என்பனவாகும்.

- ஷின்: இவ்வெழுத்து "ஷ்" என்றும் "ஸ்" என்றும் ஒலிக்கக்கூடியது. இச்சொல்லில் "ஷ்" என ஒலிக்கிறது.
- பே: இவ்வெழுத்து சொல்லின் முதலில் "ப்" என்றும், உயிரொலியை அடுத்து வரும்போது "ஃப்" என்றும் ஒலிக்கும். ஷெஃபா என்னும் சொல்லில் இரண்டாவது ஒலிப்பே பொருந்தும்.
- அயின்: தொண்டையின் அடிப்பகுதியில் பிறக்கும் மெய்யொலி. அரபு மொழியிலும் இவ்வொலி உண்டு. தற்கால எபிரேயம் பேசுவோரில் பெரும்பாலானோர் இதனைத் தனியே ஒலிப்பதில்லை. தமிழில் இதற்கு நிகரான எழுத்து இல்லை.

தமிழில் எழுதும்போது இச்சொல் வேறு இரு சொற்களுடன் குழம்ப வாய்ப்புண்டு. முதலாவது, சாலமோன் அரசரைக் காண வந்த அரசியின் நாடான சேபா. இதன் நடு எழுத்து பேத், இறுதி எழுத்து அலெஃப். இரண்டாவது, ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ஷெவா. இதன் நடு எழுத்து பேத், இறுதி எழுத்து அயின். தமிழ் எழுத்துக்களில் ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை மூன்றும் வெவ்வேறு வேர்களைச் சேர்ந்தவை.

சொற்களை எண்ணிட்டு அடையாளப்படுத்தும் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் சொல்லடைவில் (1890) ஷெஃபா 8228 என்ற எண்ணிலும், ஷிஃப்ஆ 8229 என்ற எண்ணிலும் இடம்பெறுகின்றன.

சொற்பிறப்பு

இவ்வேரிலிருந்து பிறந்த வினைச்சொல் எதுவும் எபிரேய விவிலியத்தில் இல்லை. பெயர்ச்சொற்கள் மட்டுமே உள்ளன. எனவே வேரின் அடிப்படைப் பொருளை அறிய, எபிரேயத்துடன் நெருங்கிய உறவுடைய மொழிகளை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். அரமேயத்திலும் அதன் கிளைமொழியான சிரியாக்கிலும் இதே வேரைக் கொண்ட வினைச்சொல் "பெருகி வழிதல்", "மிகுதியாகப் பாய்தல்" என்னும் பொருள்களில் வழங்குகிறது. இதைக் கொண்டு, இவ்வேரின் அடிப்படைக் கருத்து நீர் பெருகி வழிவதே எனக் கருதப்படுகிறது.

விவிலியத்திற்குப் பிற்பட்ட எபிரேயத்தில் இவ்வேர் வேறொரு பொருளையும் பெற்றது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஷிப்புவா என்னும் சொல் சரிவைக் குறிக்கிறது. கூடாரங்களின் சரிந்த பக்கங்களைப் பற்றிய சட்டங்களில் இச்சொல் வருகிறது. சரிவான இடத்தில் நீர் வழிந்தோடும் என்பதால் இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை எளிதில் உணரலாம்.

விவிலியத்தில் இடம்பெறும் இடங்கள்

இணைச்சட்டம் 33:19

இணைச்சட்டம் 33ஆம் அதிகாரம், மோசே தம் இறப்பிற்கு முன் இஸ்ரயேலின் குலங்களுக்கு வழங்கிய ஆசியுரையாக அமைந்துள்ளது. இதில் 18, 19ஆம் வசனங்கள் செபுலோன், இசக்கார் ஆகிய குலங்களைப் பற்றியவை. இக்குலத்தார் கடல்களின் ஷெஃபாவை உறிஞ்சுவர் என்றும், மணலுள் மறைந்து கிடக்கும் செல்வங்களைப் பெறுவர் என்றும் கூறப்படுகிறது.

இங்கே பயன்படுத்தப்படும் வினைச்சொல் குறிப்பிடத்தக்கது. யானக் என்னும் அவ்வினை குழந்தை தாயிடம் பால் குடிப்பதைக் குறிப்பதாகும். கடல் பாலூட்டும் தாயாகவும், அதன் பெருக்கு பாலாகவும் உருவகிக்கப்படுகின்றன. ஷெஃபா என்னும் சொல்லின் நீர்மத் தன்மை இவ்விடத்தில் தெளிவாக வெளிப்படுகிறது.

கடலின் பெருக்கு என்பது எதைக் குறிக்கிறது என்பதில் பல விளக்கங்கள் உண்டு. மீன்வளம், கடல் வணிகத்தால் வரும் செல்வம் ஆகியவை பொதுவாகக் கூறப்படுபவை. தொடக்க நூல் (ஆதியாகமம்) 49:13 செபுலோன் குலத்தைக் கடற்கரையுடனும் கப்பல்களுடனும் தொடர்புபடுத்துகிறது. பாபிலோனியத் தல்மூதின் மெகில்லா பகுதி, மணலுள் மறைந்த செல்வங்கள் என்னும் தொடரை மூன்றாகப் பிரித்து விளக்குகிறது. அவை நீலச்சாயம் எடுக்கப் பயன்பட்ட கடல் நத்தை, ஒரு வகை மீன், மணலிலிருந்து செய்யப்படும் வெண்ணிறக் கண்ணாடி என்பனவாகும். அக்கோ நகருக்கு அருகே பாயும் பெலுஸ் ஆற்றின் மணல் கண்ணாடி செய்வதற்குப் புகழ்பெற்றிருந்ததை, கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி, யோசேப்பு ஆகிய எழுத்தாளர்களும் குறிப்பிட்டுள்ளனர்.

2 அரசர்கள் 9:17

இவ்வசனத்தில் ஷிஃப்ஆ இரண்டு முறை வருகிறது. இஸ்ரயேல் அரசனான யோராமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த ஏகூ, தன் ஆட்களுடன் இஸ்ரியேல் நகரை நோக்கித் தேரில் விரைகிறான். கோபுரத்தின் மேல் நின்ற காவலன் ஏகூவின் ஷிஃப்ஆவைக் கண்டு, அதை அரசனுக்கு அறிவிக்கிறான். இங்கே இச்சொல் திரளாக வரும் ஆட்களின் கூட்டத்தைக் குறிக்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும் காவலனுக்குத் தனித்தனி ஆட்கள் தெரிவதில்லை. பெருகி வரும் ஒரு திரள் மட்டுமே தெரிகிறது. சிறிது நேரத்தில் யோராம் ஏகூவின் அம்பினால் கொல்லப்படுகிறான்.

காவலனின் கூற்றில் ஓர் இலக்கணச் சிக்கல் உள்ளது. "ஏகூவின் கூட்டம்" என்பது போன்ற தொடர்களில் வேறொரு பெயரைச் சார்ந்து வரும்போது ஷிஃப்ஆ என்பது ஷிஃப்அத் என மாறும். இவ்வசனத்தில் இரண்டாவது முறை அச்சொல் எதையும் சாராமல் தனித்து நிற்கிறது; ஆயினும் ஷிஃப்அத் என்றே எழுதப்பட்டுள்ளது. இது பெண்பாற் பெயரின் பழைய வடிவமாக இருக்கலாம் என்பது இலக்கண அறிஞர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்றாகும்.

யோபு 22:11, 38:34

யோபு நூலில் இச்சொல் இரண்டு இடங்களில் நீருடன் சேர்ந்து வருகிறது. இரு இடங்களிலும் "நீரின் பெருக்கு உன்னை மூடும்" எனப் பொருள்படும் மூன்று எபிரேயச் சொற்கள் மாற்றமின்றி அப்படியே வருகின்றன.

முதலாவது இடத்தில் பேசுபவர் யோபின் நண்பர் எலிப்பாசு. ஏழைகளுக்கு யோபு தீங்கிழைத்தார் எனக் குற்றம் சாட்டும் அவர், அதனாலேயே இருளும் வெள்ளமும் யோபை மூடுகின்றன என்கிறார். இங்கே நீர்ப்பெருக்கு தண்டனையின் உருவகம் ஆகும்.

இரண்டாவது இடத்தில் பேசுபவர் இறைவன். மேகங்களை நோக்கிக் குரலெழுப்பி, நீரின் பெருக்கு உன்னை மூடும்படி செய்ய உன்னால் இயலுமா என்று அவர் யோபிடம் வினவுகிறார். இங்கே அதே தொடர் மழையைக் குறிக்கிறது. எலிப்பாசு தண்டனையாகக் காட்டிய நீர், இறைவனின் உரையில் மனிதரின் ஆணைக்கு அடங்காத இயற்கை நிகழ்வாக வருகிறது. ஒரே சொல் ஒரே நூலில் அழிக்கும் வெள்ளத்திற்கும் பெய்யும் மழைக்கும் பொருந்துவதால், நன்மை தீமை என்னும் வேறுபாடு அச்சொல்லுக்குள் இல்லை என்பது தெளிவாகிறது.

எசாயா 60:6

எசாயா (ஏசாயா) நூலின் 60ஆம் அதிகாரம் எருசலேம் மீண்டும் ஒளிபெறுவதைப் பற்றிய பாடலாகும். மிதியான், ஏப்பா ஆகிய இடங்களின் ஒட்டகங்களின் ஷிஃப்ஆ நகரை மூடும் என்றும், சேபாவிலிருந்து வருவோர் பொன்னும் நறுமணப் பொருளும் கொண்டு வருவர் என்றும் இவ்வசனம் கூறுகிறது. ஷிஃப்ஆ என்னும் வடிவம் ஆசியைக் குறித்து வரும் ஒரே இடம் இதுவாகும்.

இதற்கு முந்தைய வசனத்தில் (60:5) கடலின் செல்வம் எருசலேமை நோக்கித் திரும்பும் எனக் கூறப்படுகிறது. அங்கே ஹாமோன் என்னும் வேறொரு சொல் பயன்படுத்தப்பட்டுள்ளது. கடற்பெருக்கைக் கூறிய உடனேயே ஒட்டகங்களின் பெருக்கைக் கூறுவதால், பாலைநிலத்திலிருந்து வரும் வணிகக் கூட்டமும் ஒரு வெள்ளமாகவே காட்டப்படுகிறது.

எசேக்கியேல் 26:10

எசேக்கியேல் 26ஆம் அதிகாரம் பெனிசிய நகரமான தீருக்கு எதிரான தீர்ப்புரையாகும். பாபிலோனிய அரசர் நெபுகத்னேசரின் குதிரைகளின் ஷிஃப்ஆவினால் எழும் புழுதி நகரை மூடும் என இவ்வசனம் கூறுகிறது. கடலால் வாழ்ந்த தீர் நகருக்கு எதிராகக் கடலலைகள் போலப் பல இனத்தார் எழும்புவர் என 3ஆம் வசனமும், ஆழ்கடல் நகரை மூடும் என 19ஆம் வசனமும் கூறுகின்றன. எனவே 10ஆம் வசனத்தில் குதிரைகளுக்கு வெள்ளத்தோடு தொடர்புடைய சொல் வருவது அதிகாரத்தின் உருவக அமைப்புடன் பொருந்துகிறது.

ஆட்பெயர்

1 குறிப்பேடு (1 நாளாகமம்) 4:37 இல் சிமியோன் குலத்தைச் சேர்ந்த ஒருவரின் பெயராக ஷிஃபி என்பது வருகிறது. இதுவும் இதே மூன்று வேரெழுத்துக்களைக் கொண்டது.

பொருள் ஆய்வு

மேற்கண்ட இடங்களை ஒப்பிடும்போது பின்வரும் செய்திகள் புலப்படுகின்றன.

- இச்சொற்கள் பெரும்பாலும் வேறொரு பெயரைச் சார்ந்தே வருகின்றன: கடல்களின் பெருக்கு, நீரின் பெருக்கு, ஒட்டகங்களின் பெருக்கு, குதிரைகளின் பெருக்கு, ஏகூவின் கூட்டம். எனவே இது தனித்து நிற்கும் ஒரு பண்பின் பெயராக இல்லாமல், ஏதேனும் ஒன்றின் அளவைக் கூறும் சொல்லாக உள்ளது.
- ஷிஃப்ஆ வரும் 5 வசனங்களில் 4 வசனங்களில் "மூடு" எனப் பொருள்படும் காசா என்னும் எபிரேய வினை உடன் வருகிறது. யோபு நூலின் இரு வசனங்களில் நீரும், எசாயாவில் ஒட்டகங்களும், எசேக்கியேலில் குதிரைகளால் எழும் புழுதியும் மூடுகின்றன.
- மூடப்படுவது எப்போதும் ஒரு மனிதரோ நகரமோ ஆகும். அதாவது, பெருக்கு என்பது ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் உடைமையாகக் காட்டப்படாமல், அவர்மேல் வந்து சேர்வதாகக் காட்டப்படுகிறது.
- பெருக்கு நல்லதா தீயதா என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. இணைச்சட்டத்திலும் எசாயாவிலும் அது ஆசி. யோபு 22, எசேக்கியேல், 2 அரசர்கள் ஆகியவற்றில் அது ஆபத்து. யோபு 38 இல் அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட மழை.

ஒத்த பொருளுடைய பிற எபிரேயச் சொற்கள்

விவிலிய எபிரேயத்தில் மிகுதியைக் குறிக்கப் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் சில:

- ரோவ்: மிகுதியைக் குறிக்கும் மிகப் பொதுவான சொல். எண்ணிக்கை, அளவு இரண்டிற்கும் பொருந்தும். தொடக்க நூல் 27:28 இல் ஈசாக்கின் ஆசியில் தானியம், திராட்சை இரசம் ஆகியவற்றின் மிகுதியைக் குறித்து வருகிறது.
- சாவா: நிறைவு, வயிறு நிரம்பிய நிலை. தொடக்க நூல் 41ஆம் அதிகாரத்தில் எகிப்தின் ஏழு வளமான ஆண்டுகளைக் குறிக்கும் சொல் இதுவே. ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ஷெவாவும் இச்சொல்லும் ஒரே மூன்று எழுத்துக்களால் எழுதப்படுகின்றன. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட புள்ளிக் குறிகளே இரண்டையும் வேறுபடுத்துகின்றன. அந்த அதிகாரத்தில் இவை அருகருகே வருவது ஒரு சொல் விளையாட்டாக அமைகிறது.
- ஹாமோன்: இரைச்சலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. பெருங்கூட்டம், அதன் ஆரவாரம், செல்வத் திரள் ஆகியவற்றைக் குறிக்கும். ஆபிரகாம் என்னும் பெயருக்குத் தொடக்க நூல் 17:5 தரும் விளக்கத்தில் இச்சொல் உள்ளது.
- யெத்தெர்: எஞ்சியது, தேவைக்கு மேற்பட்டது. சபை உரையாளர் (பிரசங்கி) நூலில் ஆதாயத்தைக் குறிக்கும் யித்ரோன் என்னும் சொல் இதே வேரைச் சேர்ந்தது.

தமிழில் இவை அனைத்தையும் மிகுதி என்னும் ஒரே சொல்லால் பெயர்க்க முடியும் என்றாலும், ஒவ்வொன்றின் பின்னுள்ள காட்சியும் வேறு. ரோவ் எண்ணிக்கையையும், சாவா பசி தீர்ந்த நிலையையும், ஹாமோன் ஓசையையும், யெத்தெர் மீதத்தையும் முன்னிறுத்துகின்றன. ஷெஃபாவும் ஷிஃப்ஆவும் பாயும் நீரை முன்னிறுத்துகின்றன.

மொழிபெயர்ப்புகளில்

கி. மு. 3ஆம் நூற்றாண்டு முதல் உருவான எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் கிரேக்க விவிலியம், இச்சொற்களைச் சூழலுக்கேற்ப வெவ்வேறு விதமாகப் பெயர்த்துள்ளது. இணைச்சட்டத்தில் "செல்வம்" என்றும், எசாயாவில் ஒட்டகங்களின் "மந்தைகள்" என்றும், எசேக்கியேலில் "திரள்" என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் வருகின்றன. 2 அரசர்கள் 9:17 இல் காவலன் காண்பது "புழுதி" எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. இப்பெயர்ப்பில் நீரின் உருவகம் பெரிதும் மறைந்துவிடுகிறது.

ஏறத்தாழ கி. பி. 390 முதல் 405 வரையிலான காலத்தில் எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோம் இதற்கு மாறான வழியைப் பின்பற்றினார். இணைச்சட்டம், எசாயா, எசேக்கியேல் ஆகிய மூன்று இடங்களிலும் அவர் "வெள்ளப்பெருக்கு" எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். ஒட்டகங்களின் வெள்ளம், குதிரைகளின் வெள்ளம் என்ற தொடர்கள் இதனால் இலத்தீன் விவிலியத்தில் இடம்பெற்றன.

1611 இல் வெளியான ஆங்கிலேய அரசர் ஜேம்ஸ் பதிப்பு, இணைச்சட்டத்திலும் யோபு நூலின் இரு இடங்களிலும் எசேக்கியேலிலும் மிகுதி எனப் பொருள்படும் ஒரே சொல்லைக் கையாண்டது. ஆங்கில நூல்களின் வழியாக எபிரேயம் கற்பவர்கள் ஷெஃபாவை மிகுதிக்கான சொல்லாக அறிவதற்கு இது ஒரு காரணமாகும்.

தமிழைப் பொறுத்தவரை, "வெள்ளம்" என்னும் சொல் நீர்ப்பெருக்கையும் மிகுதியையும் ஒருங்கே குறிக்க வல்லது. பண்டைத் தமிழில் அது ஒரு பேரெண்ணின் பெயராகவும் வழங்கியது. மக்கள் வெள்ளம் என்னும் வழக்கு இன்றும் உள்ளது. எனவே எபிரேயச் சொல்லின் உருவகத்தைத் தமிழில் விளக்குவதற்கு இச்சொல் பெரிதும் பொருந்துகிறது.

இடைக்கால மெய்யியலில்

ஷெஃபாவின் பொருளில் பெரும் மாற்றம் ஏற்பட்டது இடைக்காலத்தில் ஆகும். இதன் பின்னணி விவிலியம் அன்று. கிரேக்க, அரபு மெய்யியல் மரபுகளே. கி. பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்யியலாளர் புளோட்டினசு, அனைத்தும் ஒன்றான பரம்பொருளிலிருந்து பெருகி வழிந்து தோன்றின என்று கற்பித்தார். அவருடைய எழுத்துக்களின் பகுதிகள் கி. பி. 9ஆம் நூற்றாண்டில் அரபு மொழியில் தழுவி எழுதப்பட்டன. அல்-ஃபாராபி (இறப்பு 950), இப்னு சீனா (இறப்பு 1037) ஆகியோர் இக்கருத்தை வளர்த்தனர். இதற்கு அவர்கள் பயன்படுத்திய அரபுச் சொல் ஃபைள் என்பதாகும். நீர் கரை கடந்து வழிதல் என்பதே அதன் பொருள்.

எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிசு (1138–1204), எபிரேய எழுத்துக்களில் அரபு மொழியில் எழுதிய "திகைப்போருக்கு வழிகாட்டி" என்னும் நூலில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். நூலின் 2ஆம் பகுதி 12ஆம் அதிகாரத்தில், உடலற்ற இறைவனின் செயலை விளக்கப் பெருகுதல் என்னும் சொல் ஏன் பொருத்தமானது என்பதற்கு அவர் காரணம் கூறுகிறார். உடலுள்ள ஒன்று மற்றொன்றைத் தொட்டோ குறிப்பிட்ட தொலைவிலிருந்தோ செயற்படுகிறது. உடலற்றதற்குத் தொடுதலும் தொலைவும் இல்லை. ஊற்று எல்லாத் திசைகளிலும் பெருகி, அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் நனைப்பது போல இறைச்செயலும் உள்ளது என்பது அவருடைய விளக்கம். இறைவனை வாழும் நீரின் ஊற்று எனக் கூறும் எரேமியா 2:13 ஐ இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

அதே பகுதியின் 36ஆம் அதிகாரத்தில், இறைவாக்கு என்பது இறைவனிடமிருந்து செயலறிவின் வழியாக மனிதரின் பகுத்தறிவின் மீதும், பின்னர் கற்பனையாற்றலின் மீதும் பாயும் பெருக்கு என்று அவர் வரையறுக்கிறார். 37ஆம் அதிகாரத்தில், இப்பெருக்கு சிலருக்கு அவர்களுடைய சொந்த நிறைவுக்குப் போதிய அளவிலும், சிலருக்குப் பிறரையும் நிறைவாக்கும் அளவிலும் கிடைக்கிறது என்கிறார்.

இந்நூலைத் தென் பிரான்சின் லூனெல் நகரில் வாழ்ந்த சாமுவேல் இப்னு திப்போன் எபிரேயத்தில் மொழிபெயர்த்து 1204 இல் நிறைவு செய்தார். ஃபைள் என்னும் அரபுச் சொல்லுக்கு அவர் ஷெஃபா என்னும் எபிரேயச் சொல்லைப் பயன்படுத்தினார். இரு சொற்களும் நீர் வழிதலைக் குறிப்பதால் இது பொருத்தமான தெரிவாக அமைந்தது. அவருடைய மொழிபெயர்ப்பு யூதர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டதால், விவிலியத்தில் ஒரே முறை வந்த இச்சொல் மெய்யியலின் அடிப்படைக் கலைச்சொற்களுள் ஒன்றாக நிலைபெற்றது.

கபாலாவில்

13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வளர்ச்சியடைந்த கபாலா மரபு, இறைவனின் வெளிப்பாடுகளைச் செஃபிரோத் எனப்படும் பத்து நிலைகளாக விவரிக்கிறது. இம்மரபில் ஷெஃபா என்பது மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கும், அங்கிருந்து உலகிற்கும் பாயும் இறையாற்றலைக் குறிக்கும். மனிதரின் நற்செயல்களும் வழிபாடும் அப்பாய்ச்சல் தடையின்றி நிகழ உதவுகின்றன என்றும், தீச்செயல்கள் அதைத் தடுக்கின்றன என்றும் கபாலா அறிஞர்கள் கருதினர்.

இதே நூற்றாண்டைச் சேர்ந்த யோசேப்பு கிக்கத்தில்லா தம் "ஒளியின் வாயில்கள்" என்னும் நூலில் இக்கருத்தை நீர்நிலைகளின் உருவகம் கொண்டு விளக்கினார். கடைசி நிலை, மேலிருந்து வரும் பெருக்கைத் தேக்கி வைக்கும் குளமாகக் கூறப்படுகிறது. எபிரேயத்தில் குளத்தைக் குறிக்கும் பெரேக்கா, ஆசியைக் குறிக்கும் பெராக்கா ஆகிய இரு சொற்களின் ஒலி ஒப்புமையும் இங்கே பயன்படுத்தப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஹசிதிய இயக்கமும் ஷெஃபா என்னும் கருத்தைத் தொடர்ந்து கையாண்டது. அவ்வியக்கத்தின் ஒரு பிரிவான ஹபாதில் ஆன்மிக வழிகாட்டி மஷ்பியா, அதாவது பெருகச் செய்பவர் எனப்படுகிறார்.

தற்கால எபிரேயத்தில்

தற்கால எபிரேயத்தில் இவ்வேரிலிருந்து பல அன்றாடச் சொற்கள் வழங்குகின்றன.

- ஷெஃபா: வளம், மிகுதி. செல்வச் செழிப்புள்ள சமூகத்தைக் குறிக்கும் தொடரிலும், பழங்களும் மலர்களும் நிரம்பி வழியும் வளக்கொம்பைக் குறிக்கும் தொடரிலும் இச்சொல் உள்ளது.
- ஷோஃபேயா: நிறைந்து வழியும், மிகுந்த.
- ஹஷ்பாஆ: செல்வாக்கு, தாக்கம். இது இடைக்கால மெய்யியலில் "பெருகச் செய்தல்" என்னும் பொருளில் வழங்கியது. ஒருவரிடமிருந்து மற்றொருவர் மீது பாய்வது என்ற கருத்திலிருந்து இன்றைய பொருள் தோன்றியது. ஐரோப்பிய மொழிகளில் செல்வாக்கைக் குறிக்கும் சொல்லும் "உள்ளே பாய்தல்" என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே ஆகும்.
- ஷிப்புவா: சரிவு. கணிதத்தில் ஒரு நேர்கோட்டின் சாய்வைக் குறிக்கும் கலைச்சொல்லாகவும் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது.

தவறான புரிதல்கள்

ஷெஃபா என்பது "என்றும் வற்றாத இறைவளம்" அல்லது "செல்வம் தரும் ஆசி" எனப் பொருள்படும் விவிலியச் சொல் என்று சில சமய நூல்களிலும் உரைகளிலும் கூறப்படுவதுண்டு. இறைவளம் என்னும் பொருள் இடைக்கால மெய்யியலுக்கும் கபாலாவுக்கும் உரியது. அம்மரபுகளைப் பற்றிப் பேசும்போது அது சரியான பொருளே. ஆனால் அதனை விவிலிய வசனங்களுக்கு ஏற்றிக் கூறுவது, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியைப் புறக்கணிப்பதாகும். அப்பொருளைக் கொண்டால், தீர் நகரை அழிக்க வரும் குதிரைப்படையையும் எலிப்பாசு கூறும் வெள்ளத்தையும் விளக்க இயலாது.

விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார், 1961 இல் வெளியிட்ட "விவிலிய மொழியின் பொருண்மையியல்" என்னும் நூலில் இத்தகைய இரு பிழைகளைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, வேரின் பொருளே அதிலிருந்து பிறந்த எல்லாச் சொற்களின் உண்மைப் பொருள் எனக் கொள்வது. மற்றொன்று, ஒரு சொல் வெவ்வேறு இடங்களில் பெறும் பொருள்கள் அனைத்தையும் கூட்டி, ஒரே இடத்தில் அவை யாவும் உள்ளன எனக் கொள்வது. நீர் வழிதல் என்னும் வேர்ப்பொருளைக் கூறும்போதும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். 2 அரசர்கள் 9:17 இல் காவலன் கூறுவதை "கூட்டம்" எனப் பெயர்ப்பதே இயல்பானது. அங்கே நீரைத் தேட வேண்டியதில்லை. சொல்லின் வரலாறு அதன் பின்னணியை விளக்க உதவும். ஒரு வசனத்தில் அதன் பொருளை அவ்வசனத்தின் சூழலே தீர்மானிக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

- எபிரேய மொழி
- எபிரேய விவிலியம்
- எழுபதின்மர் பெயர்ப்பு
- மைமோனிடிசு
- கபாலா
- பொருண்மையியல்